அப்பா, காது கேக்கலையா?

பத்து நிமிடம் கண்ணை மூடி உட்காருங்கள், மனசு தானாக அடங்கும் என்கிறார்கள். உட்கார்ந்தேன். இரண்டாவது நிமிடத்தில் மேஜை மேல் செல்போன் 'டிங்' என்றது. எடுக்கவில்லை. ஆனால் மிச்சம் எட்டு நிமிடமும் அது யாராக இருக்கும் என்ற ஆராய்ச்சிதான்.

இந்த லட்சணத்தில்தான் டி.கே.வி. தேசிகாச்சாரின் 'தி ஹார்ட் ஆஃப் யோகா'வை மறுபடி எடுத்தேன். 1995-ல் வந்த ஆங்கிலப் புத்தகம். தேசிகாச்சார் இன்ஜினீயரிங் படித்தவர். அப்பா கிருஷ்ணமாச்சாரியாரிடமே யோகம் கற்று, 1976-ல் அவர் பெயரில் சென்னையில் யோக மந்திரம் தொடங்கினார். 2016-ல் காலமானார். புத்தகத்தில் மாயாஜாலம் இல்லை, மிரட்டல் இல்லை. யோகத்துக்காக ஆளை வளைக்காதே, ஆளுக்குத் தகுந்தபடி யோகத்தை அமைத்துக்கொள் என்பதுதான் சாரம். முட்டிவலிக்காரர்கள் நன்றி சொல்ல வேண்டும்.

பிற்பகுதியில் பதஞ்சலியின் யோக சூத்திரம் உரையோடு இருக்கிறது. பி.காம். புத்தி, எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 195 சூத்திரங்கள். அதில் ஆசனத்தைப் பற்றி நேரடியாகப் பேசுபவை 3. அதாவது ஒன்றரை சதவீதம். வகுப்பில் சேர்ந்து நாம் காசு கொடுத்து வாங்குவது பெரும்பாலும் அந்த ஒன்றரையைத்தான்.

புலன்களை உள்ளே திருப்பும் பிரத்தியாகாரத்துக்கு 2 சூத்திரங்கள். இதற்கு தேசிகாச்சார் தரும் விளக்கம்தான் புத்தகத்தின் உயிர். புலன்களை அதட்டி உட்கார வைக்க முடியாது. மனசு ஒன்றில் முழுசாகத் தோய்ந்துவிட்டால் கண்ணும் காதும் வெளியே அலையாமல் அதன் பின்னால் வந்துவிடும். அதை வரவழைக்க முடியாது, வருவதற்கு வழி செய்து கொடுக்கலாம். அவ்வளவுதான்.

அருமை. ஆனால் எனக்கு இங்கேதான் ஒரு தகராறு.

போன வாரம் சோபாவில் சாய்ந்து ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் பக்கத்தில் வந்து மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறாள். ஒன்றுகூடக் காதில் விழவில்லை. கடைசியில் தோளைத் தட்டி, "அப்பா, காது கேக்கலையா?" என்றாள். என்ன சொல்ல வந்தாள் என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லை" என்று போய்விட்டாள்.

மனசு தோய்ந்திருந்தது, காதும் கூடவே போய்விட்டது. புத்தகக் கணக்குப்படி பார்த்தால் இதுவும் பிரத்தியாகாரம் இல்லையா? அப்படியானால் மின்சார ரயிலில் பெட்டிக்கு நூறு யோகிகள்!

இந்தக் கேள்வி புத்தகத்தில் இல்லை. 1995-ல் இருக்க வழியும் இல்லை. அன்றைக்கு நம் கவனம் தானாகச் சிதறியது. இன்றைக்கு அதைச் சிதறடிக்க ஆட்கள் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். ஒன்று முடிவதற்குள் அடுத்தது ஓடுகிறது. நிறுத்த இடமே வைக்கவில்லை.

பதில் பதஞ்சலியின் இரண்டாவது சூத்திரத்தில் இருக்கிறது. புலன்கள் நம் வசப்படுவதைச் சொல்லும் சூத்திரம் அது. தோய்வது மட்டும் போதாது, கடிவாளம் யார் கையில் என்பதுதான் விஷயம். எதில் தோய்வது என்று நான் தேர்ந்தெடுத்தேனா? நினைத்தபோது எழுந்து வர முடிகிறதா? தேசிகாச்சார் இந்த இடத்தைச் சில வரிகளில் கடந்துவிடுகிறார். இன்று எழுதியிருந்தால் தனி அத்தியாயமே வைத்திருப்பார் என்று தோன்றுகிறது.

இருந்தாலும் வாங்கிப் படிக்கலாம். படிக்கும்போது செல்போன் அடுத்த அறையில் இருக்கட்டும். நான் அப்படித்தான் செய்கிறேன். இன்னும் மனசு அடங்கவில்லை. ஆனால் மகள் கூப்பிட்டால் முதல் தடவையிலேயே கேட்கிறது.