பேனலின் முதுகுப்பக்கம்

முன்வார்ப்புக் கான்கிரீட்டைப் புகழ்பவர்கள் அதன் முகத்தைத்தான் காட்டுகிறார்கள். வழவழப்பு, நிறம், நூல் பிடித்தாற்போன்ற விளிம்பு. ஆனால் இந்த முறையின் தரம் தீர்மானமாவது முதுகுப்பக்கத்தில், பேனலைக் கட்டடத்தோடு பிணைக்கும் நாலைந்து இரும்புத் துண்டுகளில்.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 2016இல் திறக்கப்பட்ட விக்டோரியா கேட் வளாகத்தை எடுத்துக்கொள்ளலாம். ஃபிராங்க் மேட்சம் வடிவமைத்த பழைய ஆர்கேடுக்குத் தெருவின் எதிர்ப்பக்கம், அந்தக் கடைவீதியின் நீட்சியாக எழுந்தது இது. வடிவமைத்தவர்கள் ஆக்மே நிறுவனத்தார். இந்தப் புதிய வளாகத்து ஆர்கேடின் வெளிச்சுவரில் செங்கல், துணி மடிப்புப்போல மடிந்து திரும்புகிறது. கொத்தனார் சாரத்தில் நின்று ஒவ்வொன்றாக வைத்துக் கட்டியதல்ல அது. அச்சுக்குள் செங்கல் வில்லைகளை அடுக்கி, பின்னால் கான்கிரீட் ஊற்றி, தொழிற்சாலையிலேயே சுவராக்கி லாரியில் ஏற்றிவந்தது. பக்கத்து ஜான் லூயிஸ் கடையின் குறுக்குமறுக்கான கட்டங்களும் முன்வார்ப்புதான்.

வியாபாரம் நடக்கும் கடைகளை ஒட்டி விரிவாக்கம் செய்பவர்களுக்கு இது பெரிய வரம். மணல் குவியல் இல்லை, மாதக்கணக்கில் நிற்கும் சாரம் இல்லை, தூசி குறைவு. வார்ப்பு கூரைக்கடியில் நடப்பதால் மழைக்குக் காத்திருக்க வேண்டாம். நிறம் பிசகிய பேனலைச் சுவரில் ஏற்றுமுன் முற்றத்திலேயே ஒதுக்கிவிடலாம். அச்சு விலை அதிகம், ஒரே அச்சில் பல பேனல் எடுத்தால்தான் கட்டுப்படியாகும் என்பதும், அச்சைச் சீக்கிரம் காலி செய்வதற்காகச் சிமென்ட்டைத் தாராளமாகச் சேர்க்கிறார்கள் என்பதும் தெரிந்த குறைகள்.

எனக்கு உறுத்துவது வேறு. இது வெளியே சமைத்துக் கொண்டுவந்து பரிமாறும் கல்யாண விருந்து. பந்தியில் உட்கார்ந்த பிறகு உப்புக் குறைந்தது என்று சொல்லிப் பயனில்லை. பெயர்ப்பலகை எங்கே மாட்டுவது, வாசல் எவ்வளவு அகலம், கேபிள் எந்த வழி என்று எல்லாவற்றையும் வார்ப்புக்குப் பல மாதம் முன்பே முடிவு செய்தாக வேண்டும். வணிக வளாகத்திலோ வாடகைக்கு வரும் கடைக்காரர் கடைசியில் வருகிறார். அவருக்கு வேண்டிய இடத்தில் வேண்டிய துளை இருக்காது. டிரில்லிங் மெஷின் வரும். உள்ளே கம்பி எங்கே ஓடுகிறது என்று அதைப் பிடித்திருப்பவருக்குத் தெரியாது.

இனி முதுகுக்கு வருவோம். 150 மி.மீ. தடிமனில் 8 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரமுள்ள ஒரு பேனல் சுமார் 8.6 டன். கிரேனின் கை நீள நீளத் தூக்கும் திறன் குறையும். ஆகவே எட்டாத மூலையில் உட்காரவேண்டிய ஒரே ஒரு பேனல் முழு வேலைக்குமான கிரேனைத் தீர்மானித்துவிடும். காற்றில் அது கப்பல் பாய். நகர நடுவில் அடுக்கிவைக்க இடமில்லாததால் லாரியிலிருந்து நேரே சுவருக்குப் போகவேண்டும். வரிசை தவறி ஒரு லாரி வந்தால் அன்றைய வேலை கெட்டது.

தூக்கிவந்த பேனல் பொதுவாக இரண்டே புள்ளிகளில் உட்காரும். மற்ற பிடிப்புகள் அது வெளியே சாயாமல் தடுக்க மட்டும். அவற்றின் போல்ட் நீள்துளையில் நகர வேண்டும்; வெயிலிலும் குளிரிலும் 40 டிகிரி வேறுபாடு வந்தால் 8 மீட்டர் பேனல் 3, 4 மி.மீ. நீண்டு சுருங்கும். சிக்கல் இங்கேதான். பேனல் 3 மி.மீ. பிசகினால் குறை சொல்கிறோம். அதைத் தாங்கும் சட்டகமோ 15, 20 மி.மீ. விலகி நிற்கும். அந்த வித்தியாசத்தை விழுங்கத்தான் நீள்துளையும், இடைவெளியில் சொருகும் சிம் தகடும். விழுங்க முடியாதபோது, கிரேன் வாடகை மணிக்கணக்கில் ஏற, மேலே நிற்கும் ஃபிட்டர் என்ன செய்வார்? தகட்டின்மேல் தகடு சொருகுவார். துளையைப் பெரிதாக்குவார். நகரவேண்டிய போல்ட்டை இறுக்கிப் பூட்டிவிடுவார். அவரைக் குறைசொல்வது சுலபம். சட்டகத்தை அளந்து பார்க்காமல் பேனல் வரைபடத்துக்கு ஒப்புதல் கொடுத்தவரைக் கேட்பவர் குறைவு.

பிறகு உட்புறம் வெப்பக்காப்பும் பலகையும் வந்து எல்லாவற்றையும் மூடிவிடுகின்றன.

2009இல் கனடாவின் மான்ட்ரியலில் ஒரு ஹோட்டல் முகப்பிலிருந்து கான்கிரீட் பலகை விழுந்து, கீழே உணவகத்தில் இருந்த பெண் ஒருவர் இறந்தார். 2013 முதல் அந்நகரம் உள்ள கியூபெக் மாகாணத்தில் 5 மாடியும் அதற்கு மேலும் உயர்ந்த கட்டடங்களின் முகப்பை 5 ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதிப்பது கட்டாயம். நல்ல சட்டம்தான். ஆனால் வணிக வளாகங்கள் பல 3, 4 மாடியோடு நின்றுவிடுகின்றன. மூன்றாம் மாடியிலுள்ள பேனலும் அதே எடைதான். கீழே சனிக்கிழமைக் கூட்டம்.

மாடியை எண்ணாமல் கீழே நடக்கும் ஆட்களை எண்ணலாம். உட்சுவரில் சில பேனலுக்கு ஒன்றாகத் திறந்து பார்க்கும் கதவும் வைக்கலாம், பெரிய செலவில்லை. கேட்டால், கடைக்காரரின் அலமாரி சரியாக அந்த இடத்தில்தான் வருகிறது என்பார்கள்.