"நிறுத்து!" என்று ஒரு குரல்

பயிற்சி முகாமிலிருந்து திரும்பி மூன்று வாரம் ஆகிறது. பார்க்கிறவர்களிடமெல்லாம் அதையே பேசிக்கொண்டிருக்கிறேன். வீட்டில், டீக்கடையில், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூட. பதினாறு வருடமாக வீதி நாடகம் போடுகிறேன். எந்தப் பயிற்சியும் என்னை இப்படி உலுக்கிப் போட்டதில்லை.

மொத்தம் இருபத்திரண்டு பேர். தெருக்கூத்துக் கலைஞர்கள், பறை அடிப்பவர்கள், இரண்டு ஓவிய ஆசிரியர்கள், நடவுப் பாட்டில் புதுச் சொல் கட்டிப் பாடும் ஓர் அக்கா. ஐந்து நாளும் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில்தான் படுக்கை. கற்றுக்கொள்ளப் போனது ஃபோரம் தியேட்டர். தமிழில் விவாத அரங்கு என்கிறார்கள். பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்தோ போவால் உருவாக்கிய ஒடுக்கப்பட்டோர் அரங்கில் ஒரு வகை அது.

முதல் நாள் காலையிலேயே பயிற்சியாளர் போவாலின் கதை ஒன்றைச் சொன்னார். பிரேசிலின் வடகிழக்கில் ஒரு கிராமம். போவாலின் குழு அங்கே நாடகம் போடுகிறது. நிலத்துக்காக ரத்தம் சிந்துவோம் என்று துப்பாக்கிகளை உயர்த்திப் பாடி முடிக்கிறார்கள். விர்ஜிலியோ என்ற விவசாயி கண்கலங்கி ஓடி வருகிறார். நிலத்தைப் பிடுங்கியவனை விரட்டப் போகலாம், துப்பாக்கிகளோடு நீங்களும் வாருங்கள் என்கிறார். இவை அட்டைத் துப்பாக்கிகள் என்று குழு தயங்குகிறது. பரவாயில்லை, எங்களிடம் நிஜத் துப்பாக்கி இருக்கிறது, நீங்கள் வந்தால் போதும் என்கிறார் அவர். நாங்கள் கலைஞர்கள், விவசாயிகள் இல்லையே என்கிறது குழு. அப்படியானால் சிந்த வேண்டிய ரத்தம் எங்களுடையது மட்டும்தானா என்று கேட்டுவிட்டார் விர்ஜிலியோ. தான் துணியாத ஒன்றை அடுத்தவருக்குப் போதிக்கும் நாடகத்தை போவால் அதோடு விட்டார்.

அந்த வராந்தாவில் ஈ பறக்கும் சத்தம் கேட்டது. நான் போட்ட ஒவ்வொரு நாடகத்தின் கடைசிக் காட்சியும் என் கண்முன் வந்து நின்றது. ஊருக்கு வழி சொல்லிவிட்டு, அதே இரவு வேன் ஏறி வந்திருக்கிறேன்.

போவாலின் மீதிக் கதையையும் பயிற்சியாளர் சொன்னார். 1971-இல் பிரேசிலின் ராணுவ ஆட்சி அவரைப் பிடித்துச் சித்திரவதை செய்தது. பிறகு நாடு கடந்து அர்ஜென்டினாவில் வாழ்ந்தார். 1973-இல் பெரு நாட்டின் எழுத்தறிவு இயக்கத்தில் வேலை செய்தபோது, பார்வையாளர்களில் ஒரு பெண் தான் சொன்ன தீர்வை நடிகை சரியாக நடிக்கவில்லை என்று தானே மேடை ஏறிவிட்டாராம். பார்ப்பவரே நடிப்பவராகும் இந்த வடிவம் பிறந்த கதை அதுதான். 1992-இல் ரியோ நகர மன்றத்துக்கு உறுப்பினராகத் தேர்வானார். தெருவில் நாடகம் போட்டு, மேடை ஏறிய மக்கள் சொன்னதைச் சட்ட முன்வடிவாக்கி மன்றத்துக்குக் கொண்டுபோனார். 13 சட்டங்கள் நிறைவேறின. நாடகத்திலிருந்து சட்டம்! அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இரண்டாம் நாள் ஒரு விளையாட்டு. ஒருவர் உள்ளங்கையை இன்னொருவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் காட்ட வேண்டும். கை எங்கே போகிறதோ முகமும் அங்கே போக வேண்டும். துரியோதனன் வேஷம் கட்டிப் பேரெடுத்த ஐம்பது வயது கூத்து வாத்தியார், கல்லூரிப் பெண் ஒருத்தியின் கைக்குப் பின்னால் தரையில் ஊர்ந்து போனார். பிறகு இருவரும் இடம் மாறினார்கள். முடிந்ததும் பயிற்சியாளர் கேட்டது ஒரே கேள்வி: "உங்க ஊர்ல எந்தக் கை பின்னால இப்படிப் போறீங்க?" வாத்தியார் வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டவே இல்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் பேச ஆரம்பித்தார். அவர் சொன்னதை இங்கே எழுத மாட்டேன், அது அவருடையது.

ஃபோரம் தியேட்டரில் ஜோக்கர் என்று ஒரு பாத்திரம் உண்டு. நாடகத்துக்கும் ஊருக்கும் நடுவில் நின்று கேள்வி கேட்பவர் அவர். ஒருபோதும் பதில் சொல்லக் கூடாது. இதைக் கேட்டதும் கூத்துக்காரர்கள் முகத்தில் அப்படியொரு வெளிச்சம்: "அட, நம்ம கட்டியக்காரன்!" எத்தனையோ தலைமுறையாக ராஜாவோடும் ஊரோடும் ஒரே மூச்சில் பேசும் கட்டியக்காரனை வைத்திருக்கும் நமக்கு இந்தக் கலை ஒட்டாமல் எங்கே போகும்?

ஐந்தாம் நாள் சாயங்காலம் பக்கத்து ஊர் அரச மரத்தடியில் எங்கள் நாடகம், பதினைந்தே நிமிஷம். கிராம சபையில் ஒரு பெண் தெருக் குழாயைப் பற்றிக் கேட்கிறாள். "உட்காரும்மா, அப்புறம் பாக்கலாம்" என்கிறார்கள். கடைசியில் தீர்மானப் புத்தகம் சுற்றி வருகிறது, அவளும் கையெழுத்துப் போடுகிறாள். அவ்வளவுதான். முடிவு சொல்லாமல் நிறுத்திவிட்டோம். மறுபடியும் முதலிலிருந்து போடுவோம், எந்த இடத்தில் மாற்ற வேண்டுமோ அங்கே "நிறுத்து" என்று சொல்லுங்கள் என்றார் வாத்தியார். அவர்தான் ஜோக்கர்.

முதலில் ஒரு இளைஞன் வந்து மேசையைத் தட்டிக் கத்தினான். கைதட்டல் பறந்தது. "நெசத்துல இப்படிக் கத்தினா நாளைக்கு என்ன ஆகும்?" என்று வாத்தியார் ஊரைப் பார்த்துக் கேட்டார். கைதட்டல் அடங்கியது.

பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல். இடுப்பில் பேரக்குழந்தையோடு ஓர் அம்மா. குழந்தையைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு வந்தார். குழாயைப் பற்றி ஒரு தடவை கேட்டதோடு சரி, வாதாடவில்லை. புத்தகம் கைக்கு வரும்வரை சும்மா உட்கார்ந்திருந்தார். வந்ததும் மூடி மடியில் வைத்துக்கொண்டார். "தம்பி, இதுல என்ன எழுதியிருக்குன்னு சத்தமாப் படி. நான் சொன்னது அதுல இருந்தா கையெழுத்துப் போடறேன்."

எழுத்தர் வேஷத்தில் இருந்தவன் நான். ஒத்திகையில் எத்தனையோ பதில் தயார் செய்திருந்தேன். ஒன்றுகூட வாயில் வரவில்லை. கூட்டத்திலிருந்து நாலைந்து பெண்கள் "ஆமா, படி!" என்றார்கள். மேடையில் இல்லாதவர்கள், நாடகத்தில் இல்லாதவர்கள்! உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பதினாறு வருடத்தில் நான் எழுதிய எந்த வசனத்துக்கும் இந்தப் பலம் இருந்ததில்லை.

மேற்கு வங்கத்தில் 1985-இல் சஞ்சய் கங்குலி தொடங்கிய ஜன சம்ஸ்கிருதி குழு இதைத்தான் கிராமம் கிராமமாகச் செய்துவருகிறது. ஒரு தடவை போட்டுவிட்டுப் போவதில்லை, அதே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போகிறார்கள். நாங்களும் அப்படித்தான் முடிவு செய்திருக்கிறோம். அதே அரச மரத்தடி, அதே நாடகம், அக்டோபர் 2 கிராம சபைக்கு ஒரு வாரம் முன்னால்.

கூத்தோ பாட்டோ ஓவியமோ, கையில் ஒரு கலை வைத்திருப்பவர்களே, உங்கள் பக்கம் இப்படி ஒரு முகாம் நடக்கிறது என்று காதில் விழுந்தால் யோசிக்காதீர்கள். ஐந்து நாள் லீவு போட்டுவிட்டு, ஒரு போர்வையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.