பாடநூல் இல்லாத டாங்கோ

டாங்கோ என்ற ஒரே பெயரில் இரண்டு ஆட்டங்கள் இருக்கின்றன. ஒன்றை லண்டன் வகுத்தது. 1920களில் அங்கே நடன ஆசிரியர்கள் கூடிப் பேசி, அடிகளை வரையறுத்து, பாடத்திட்டமும் தேர்வும் வைத்தார்கள். போட்டி மேடைகளில் நாம் பார்க்கும் டாங்கோ அதுதான். மற்றது புவெனஸ் அயர்ஸிலும் மொந்தேவிதேயோவிலும் பிறந்த மூல ஆட்டம். 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பிறகும், எல்லோரும் ஒப்புக்கொண்ட பாடநூல் அதற்கு வாய்க்கவில்லை.

அது வளர்ந்த விதம் அப்படி. 1940களில் இளைஞர்கள் 'பிராக்டிகா' என்ற பயிற்சிக் கூடல்களில் ஆணோடு ஆணாகவே ஆடிப் பழகினார்கள். புதியவன் முதலில் பெண்ணின் அடிகளைக் கற்கவேண்டும். கூட்டிச் செல்லும் உரிமை பிறகுதான். பேட்டைக்குப் பேட்டை நடை மாறியது. வில்யா உர்கிசாவில் நீண்டு வழுக்கும் நடை. நகர மையத்தின் நெரிசலில் நெஞ்சோடு நெஞ்சு ஒட்டிய சிற்றடி. 1955இல் அர்ஜென்டினாவில் பெரோன் ஆட்சி கவிழ்ந்த பின் கூடல்கள் தேய்ந்தன, சங்கிலி அறுந்தது. 1983இல் பாரிஸில் அரங்கேறிய 'டாங்கோ அர்ஜென்டினோ' உலகுக்கே ஆசையை மூட்டியபோது, கேட்டு வந்தவர்களுக்குக் கொடுக்கப் பாடம் எதுவும் தயாராக இல்லை.

ஆசிரியர்கள் அவரவர் வழியில் ஒன்றைச் செய்தார்கள். ரொடோல்ஃபோ டின்செல் குறியீட்டு முறை வகுத்தார். சுசானா மில்லர் நெருங்கிய அணைப்பின் ஆட்டத்தை 'மிலோங்கேரோ' பாணி என்று கற்பித்தார். குஸ்தாவோ நவேய்ராவும் ஃபாபியான் சாலாஸும் 1990களில் அசைவுகளைப் பிரித்து ஆராய்ந்தார்கள். என் பார்வையில் இவ்விருவரின் வேலையே கற்பித்தலுக்குக் கிடைத்த பெரிய கொடை: சுழற்சி என்பது முன், பக்கம், பின், பக்கம் என்ற அடிகளின் வரிசை என்று புரிந்தவனுக்கு மனப்பாடம் வேண்டியதில்லை.

மனப்பாடத்தின் விளைவைக் காட்ட 'எட்டடிப் பாடம்' போதும். பல வகுப்புகளில் அதுவே அரிச்சுவடி. அதன் முதலடியில் ஆண் பின்னால் கால் வைக்கிறான். ஆனால் மிலோங்கா எனும் ஆட்டக் கூடத்தில் எல்லா ஜோடிகளும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் முன்னேறுகின்றன; பின்னடி வைத்தால் பின்னால் வருபவர் மேல்தான் மிதிப்போம். முதல் நாளே தவறைக் கற்பிக்கும் அரிச்சுவடி வேறெந்தக் கலையில் உண்டோ!

2003இல் புவெனஸ் அயர்ஸில் தொடங்கிய உலகப் போட்டி ஓரளவு அளவுகோலாகியிருக்கிறது. அதன் 'பிஸ்தா' பிரிவில் பாட்டு முடியும்வரை அணைப்பை விடக்கூடாது, துள்ளலுக்கு இடமில்லை. நல்ல விதிகள்தாம். ஆனால் பரிசுக்காகப் பழகும் ஜோடிகள் ஒரே அச்சில் வார்த்தவை போலாகிவிடுவதையும் சொல்லத்தான் வேண்டும்.

எனவே பட்டயத்துக்காக நான் ஏங்கவில்லை. கூடத்தின் நெறி மட்டும் எங்கும் ஒன்றாகக் கற்பிக்கப்படவேண்டும்: கண்ணசைவால் அழைப்பது, வரிசை காப்பது, இசையைக் கேட்பது. கற்கப் போகிறவர்களே, ஆசிரியரிடம் சான்றிதழ் கேட்காதீர்கள். வாரத்தில் எத்தனை இரவு மிலோங்காவில் ஆடுகிறார் என்று கேளுங்கள்.