பெட்டிக்குள் போகும் ராஜா

அந்துவான் வாத்தோவின் ஓவியங்கள் இனிமையானவை, ஆனால் கனமில்லாதவை என்றொரு பேச்சு நெடுங்காலமாக உண்டு. பட்டு உடுத்தியவர்கள் சோலையில் கூடிப் பாட்டுக் கேட்கிறார்கள், அதற்குமேல் என்ன இருக்கிறது என்பார்கள். தம் கடைசிக் காலத்தில் அவர் வரைந்த கடைப்பலகையை நிதானமாகப் பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். நோய் முற்றிய உடம்போடு 1720-ல் லண்டனிலிருந்து பாரிஸ் திரும்பியவர், நோத்ர்தாம் பாலத்தில் ஓவியக் கடை வைத்திருந்த நண்பர் ஜெர்ஸேனுக்காகத் தீட்டியது அது. அகலம் சுமார் 3 மீட்டர். கடையின் முன்சுவரே இல்லாததுபோல வீதியும் உள்ளறையும் ஒன்றாகத் திறந்து கிடக்கின்றன. இடப்பக்கத்தில் பதினான்காம் லூயியின் உருவப்படத்தை மரப்பெட்டிக்குள் இறக்குகிறார்கள். அந்த ராஜா இறந்தது 1715-ல். பட்டத்துக்கு வந்தது ஐந்து வயதுக் குழந்தை. அரசவை வெர்சாயை விட்டுப் பாரிஸுக்கு வந்துவிட்டது. எது நல்ல கலை என்று தீர்மானிக்கும் உரிமையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைத்தெருவுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு யுகமே மாறுகிறது. அதற்காக வாத்தோ ஒரு முகத்தில்கூடத் துக்கத்தை எழுதவில்லை. வீதிக் கல்லிலிருந்து கடைக்குள் கால் வைக்கும் பெண் நமக்கு முதுகைக் காட்டி, தலையை மட்டும் திருப்பிப் பெட்டியைப் பார்க்கிறாள். கூட வந்தவர் கை நீட்டி உள்ளே அழைக்கிறார். அவளுடைய நடையின் வேகத்தையும் ஒரு கணத் தயக்கத்தையும், கழுத்திலிருந்து தரைவரை விழும் இளஞ்சிவப்புப் பட்டின் மடிப்புகளே சொல்லிவிடுகின்றன. வலப்பக்கம் ஒருவர் மண்டியிட்டு நீள்வட்டப் படமொன்றின் நிர்வாண உருவங்களை உற்றுப் பார்க்கிறார்; அருகில் நிற்கும் பெண்ணின் கண்ணோ மேலே இலைகளில். ரசனை என்பதன் இரண்டு குணங்களை இவ்வளவு கூர்மையாகச் சொன்ன படம் அந்த நூற்றாண்டில் வேறு இருக்கிறதா, தெரியவில்லை.

கடையின் பெயரே ‘மாமன்னர்’தானே, ராஜா படம் அதற்கான அடையாளம் மட்டும்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பெயரைச் சொல்வதுதான் நோக்கமென்றால் படத்தைச் சுவரில், எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டியிருக்கலாம். பெட்டிக்குள் இறங்கும் கணத்தைத் தேர்ந்தது ஓவியர். இன்னொரு குறை, வேகம்: உடல்நிலை இடம்கொடுத்த எட்டுக் காலைப்பொழுதுகளில் முடித்தார் என்று ஜெர்ஸேனே எழுதியிருக்கிறார். எட்டு நாளில் ஆழம் வருமா? சிவப்பு, கறுப்பு, வெள்ளைச் சுண்ணக்கோல்களால் ஆட்களை நேரில் பார்த்து ஆண்டுக்கணக்காக வரைந்து தள்ளிய கை அது. 1717-ல் கலைக்கழகத்துக்குக் கொடுத்த சிதேரா தீவுப் படத்திலும், காதலனோடு கிளம்பும் பெண் தலையைத் திருப்பி விட்டுப்போகும் இடத்தைப் பார்க்கிறாள். அங்கே காதலுக்கு வரைந்த அதே திரும்பலை இங்கே ஒரு ராஜாவுக்கு, கூடுதலாக ஒரு சொட்டு உருக்கமும் சேர்க்காமல் கொடுத்திருக்கிறார். 1721 ஜூலையில், 36 வயதில் அவர் இறந்தார். பலகை பின்னால் இரண்டாக வெட்டப்பட்டு, பிரஷ்ய மன்னர் பிரெடரிக் வாங்க, இன்று பெர்லினின் சார்லட்டன்பர்க் அரண்மனையில் இருக்கிறது. வெட்டுப்பட்ட பின்னும், வீதியில் நிற்கும் அந்தப் பெண்ணின் பார்வை பெட்டியை விட்டு விலகவில்லை.