ஏற்றும்போது இறக்கிவைப்பவை

தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கல்யாணக் கேசட்டுகள் இப்போதுதான் முதல்முறையாகக் கம்ப்யூட்டருக்குள் போகின்றன என்று நினைத்தால் தவறு. ஒரு சுற்று ஏற்கெனவே முடிந்துவிட்டது. 2000ஆம் ஆண்டை ஒட்டி வி.சி.டி. பிளேயர் வீட்டுக்கு வீடு வந்தபோது, தொண்ணூறுகளில் எடுத்த வி.எச்.எஸ். கேசட்டுகளைக் கடைக்காரர்கள் சி.டி.யில் போட்டுக் கொடுத்தார்கள். சி.டி. கைக்கு வந்ததும் பல வீடுகளில் கேசட் குப்பைக்கும் டெக் பழைய சாமான்காரரிடமும் போய்ச் சேர்ந்தன. இன்று ‘பென்டிரைவில் போட்டுக் கொடுங்கள்’ என்று வருகிறவர்கள் பலர் கையில் கேசட் இல்லை, கீறல் விழுந்த அந்தச் சி.டி.தான் இருக்கிறது.

அந்தச் சுற்றில் என்ன போனது என்பதைக் கணக்கோடு பார்க்கலாம். நம் நாட்டு பி.ஏ.எல். முறையில் நொடிக்கு 25 படங்கள். ஒவ்வொரு படமும் இரண்டு பாதியாகப் பதிவாகிறது. ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்தில், இரட்டைப்படை வரிகள் அதற்கடுத்த கணத்தில். ஆக டேப்பில் நொடிக்கு 50 கணங்கள் இருக்கின்றன. வி.சி.டி.யின் அளவோ 352க்கு 288 புள்ளிகள். டேப்பிலுள்ள 576 வரிகளில் பாதியை விட்டுவிட்டால்தான் படம் அதற்குள் அடங்கும். மணமேடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. எருது விடும் விழாவை எடுத்த கேசட்டில்தான் குட்டு வெளிப்படும். வாசலில் அவிழ்த்துவிட்ட காளை கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடுவது சில நொடி வேலை. அந்த நொடிகளில் பாதிக் கணங்கள் போய்விட்டன. கிளம்பிய புழுதி, நொடிக்குச் சுமார் 1.15 மெகாபிட் என்ற நெருக்கடிக்குள் சதுரம் சதுரமாக உடைந்து நிற்கிறது. காளை ஓடவில்லை, விட்டுவிட்டுத் தாவுகிறது.

இன்றைய சுற்றில் இந்தத் தவறு திருந்தியிருக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு இட நெருக்கடி இல்லை, நொடிக்கு 50 படங்கள் காட்டுவது செல்போனுக்கே சிரமமில்லை. ஆனாலும் கடைகளில் நடப்பது பெரும்பாலும் பழைய கதைதான். டெக்கின் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்களை யு.எஸ்.பி.யில் செருகும் ஒரு மலிவான கேப்சர் கருவியில் மாட்டி, நேராக எம்.பி.4 ஆக்கிவிடுகிறார்கள். மென்பொருள் இரண்டு பாதியில் ஒன்றைத் தூக்கி எறிகிறது, அல்லது இரண்டையும் குழைத்து ஒன்றாக்குகிறது. பிறகு பெரிய டி.வி.யை நிரப்புவதற்காக, நாலுக்கு மூன்று என்ற பழைய சட்டகத்தைப் பதினாறுக்கு ஒன்பதாக இழுத்துவிடுகிறார்கள். மாப்பிள்ளை, பெண், புரோகிதர் எல்லாரும் ஒரே நாளில் பத்துக் கிலோ கூடிவிடுகிறார்கள். வாடிக்கையாளர் குறை சொல்வதில்லை. ஸ்கிரீன் முழுக்கப் படம் தெரிந்தால் அவருக்குப் போதும்.

இதைச் சொல்லும்போதே அந்தக் கடைகளின் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் டெக் உற்பத்தியை நிறுத்தியதோடு உலகில் புது டெக் என்ற பேச்சு முடிந்தது. ஒலி, ஒளிப்பதிவுக் காப்பகங்களின் உலகச் சங்கமான ஐ.ஏ.எஸ்.ஏ.யும் யுனெஸ்கோவும் 2019இல் சேர்ந்து ஓர் எச்சரிக்கை முயற்சியைத் தொடங்கின. காந்த டேப்புகளை வழக்கமான முறையில் மாற்றியெடுக்கும் காலம் 2025 வாக்கில் முடிந்துவிடக்கூடும் என்பது அதன் சாரம். நாம் அந்தக் கெடுவைத் தாண்டி நிற்கிறோம். பெரிய காப்பகங்கள் மாநகரங்களில் இருக்கின்றன. அவை ஒரு தனி வீட்டுக் காதுகுத்துக் கேசட்டை எடுத்துக்கொள்ளப் போவதில்லை. இந்த மலைப்பக்கத்து ஊரில், பழுதான டெக்கைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஒருவர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருக்கிறார் என்பதே பெரிய விஷயம்.

அவருடைய கைத்திறனையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. இந்த ஊர் இருக்கும் ஓசூர் பீடபூமி கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம். மழைக்காலத்தில் வீட்டுக்குள் ஈரம் நிற்கும். பரணில் கிடந்த கேசட்டில் வெள்ளைப் பூஞ்சை பிடிப்பது சாதாரணம். கேசட்டின் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தாலே சுருளின் ஓரத்தில் மாவு தூவியது போலத் தெரியும். அதை அப்படியே டெக்கில் போட்டால் ஹெட் அடைத்துக்கொள்ளும், அடுத்து வரும் கேசட்டுக்கும் பூஞ்சை தொற்றும். அனுபவமுள்ளவர் ஐந்து திருகாணிகளைக் கழற்றி, டேப்பைத் துடைத்து, கூடு உடைந்திருந்தால் வேறு கூட்டுக்கு மாற்றி, அறுந்த இடத்தை ஒட்டி, அதன் பிறகே போடுவார். வீட்டுக்கு வீடு டெக் வாடகைக்கு எடுத்துப் படம் பார்த்த காலத்தில் ரிப்பேர் வேலையில் இறங்கியவர்கள் கற்ற வித்தை இது. இந்தத் தலைமுறையோடு போய்விடும். ஆகவே ஒருநாள் மிகச் சிறப்பாகச் செய்யலாம் என்று கேசட்டைப் பரணிலேயே வைத்திருப்பவரைவிட, இன்றைக்குச் சுமாராகவாவது ஏற்றிக்கொள்பவர் புத்திசாலி. வி.எச்.எஸ்.ஸைப் பொறுத்தவரை என் தீர்ப்பு இதுதான்.

கூலியில்தான் சிக்கல் தொடங்குகிறது. மூன்று மணி நேரக் கேசட்டை ஏற்ற மூன்று மணி நேரம் ஆகும். இதில் குறுக்கு வழி கிடையாது. ஒரு கல்யாணத்துக்கு மூன்று, நான்கு கேசட் என்றால் ஒரு முழு நாள் வேலை. அதற்கான கூலியை யாரும் தருவதில்லை என்பதால், ‘பிளே’ அழுத்திவிட்டுக் கடைக்காரர் வேறு வேலைக்குப் போகிறார். பழைய டேப் ஒரே சீராக ஓடாது. வரிகளின் நேரம் முன்பின்னாக நடுங்கும். அந்த நடுக்கத்தைச் சரிசெய்து சீரான சமிக்ஞையாகக் கொடுக்க டைம் பேஸ் கரெக்டர் என்று ஒரு சாதனம் இருக்கிறது. அது இல்லாதபோது கேப்சர் கருவி குழம்பி, இடையிடையே சில படங்களை விட்டுவிடுகிறது. ஒலி விடுபடுவதில்லை. முதல் பத்து நிமிடத்தில் ஒன்றும் தெரியாது. இரண்டாவது மணி நேரத்தில் தாலி கட்டி முடிந்த பிறகு கெட்டிமேளம் கேட்கும். கடைசிவரை பார்த்துச் சோதிக்க யாருக்கு நேரம்? கடைக்காரருக்கும் இல்லை, வாங்கிப் போகிறவருக்கும் இல்லை.

வி.எச்.எஸ்.ஸில் நடப்பதையாவது வசதிக் குறைவு என்று விட்டுவிடலாம். மினி டிவி (MiniDV) கேசட்டில் நடப்பதற்கு அந்தச் சமாதானமும் செல்லாது. 1995இல் வந்த இந்தச் சின்னக் கேசட்டில் படம் எண்களாகவே பதிவாகியிருக்கிறது, நொடிக்குச் சுமார் 25 மெகாபிட். கேமராவில் உள்ள ஃபயர்வயர் துளையிலிருந்து ஒயர் இழுத்தால் அந்த எண்கள் அப்படியே, ஒன்று குறையாமல், கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். மணிக்குச் சுமார் 13 ஜி.பி.; ஒரு டெராபைட் டிஸ்க்கில் எழுபது மணி நேரத்துக்கு மேல் அடங்கும். இது மாற்றம்கூட அல்ல, வெறும் நகல். ஆனால் ஃபயர்வயர் துளை உள்ள கம்ப்யூட்டர் கடையில் இல்லை என்பதால், இதையும் அதே மஞ்சள் ஒயரில் மாட்டுகிறார்கள். எண்களை மின் அலையாக்கி, அலையை மறுபடி எண்களாக்கி, அதையும் நசுக்கி எம்.பி.4 ஆக்குகிறார்கள்.

இதில் போவது படத்தின் தெளிவு மட்டுமல்ல. மினி டிவி டேப்பில் ஒவ்வொரு படத்தோடும், கேமராவின் கடிகாரம் சரியாக வைக்கப்பட்டிருந்தால், எடுத்த தேதியும் நேரமும் பதிவாகியிருக்கும். குழந்தை முதல்முதலாக நடந்தது எந்த நாள் என்று கேட்டால் டேப் பதில் சொல்லும். மஞ்சள் ஒயரில் வந்த கோப்புக்கு அது தெரியாது. கடையில் ஏற்றிய தேதியைத்தான் காட்டும். இன்னொன்றும் உண்டு. 12 பிட் ஒலி முறையில் பதிவான டேப்பில் இரண்டு ஜோடி ஒலித் தடங்கள் இருக்கும். பிற்பாடு பாட்டோ பேச்சோ சேர்த்தால் அது இரண்டாவது ஜோடியில் போய் உட்காரும். முதல் ஜோடியில் அன்றைய குரல்கள் அழியாமல் இருக்கும். ஃபயர்வயர் இரண்டையும் கொண்டுவரும். மஞ்சள் ஒயர் வழியில், கேமரா அந்தச் சமயத்தில் எதை ஒலிக்கிறதோ அது மட்டும்தான் கிடைக்கும்.

ஃபயர்வயர் கிடைப்பது அத்தனை அரிதா என்றால், இன்னும் இல்லை. பெங்களூரு எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு ஒரு பஸ் பயணத் தூரம்தான். ஒரு பழைய டெஸ்க்டாப்பையும் அதில் செருக ஒரு கார்டையும் தேடிப் பிடிக்க முடியும். சோனியின் டிஜிட்டல்8 கேமராக்களில் சில மாடல்கள், அதற்கு முந்தைய வீடியோ8, ஹை8 கேசட்டுகளையும் ஓட்டி ஃபயர்வயரில் தரக்கூடியவை. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த ஹேண்டிகேம் பீரோவில் தூங்கும் வீடுகளில் தேடிப் பார்க்கலாம். ஆனால் காலம் சுருங்குகிறது. 2025இல் வந்த மேக்ஓஎஸ் டஹோவோடு ஆப்பிள் ஃபயர்வயரை ஆதரிப்பதையே விட்டுவிட்டது.

ஒலி பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த ஊருக்கு அதுதான் முக்கியம். தேன்கனிக்கோட்டைக் கல்யாணத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே பந்தியில் உட்கார்ந்து பேசும். மாமியார் தெலுங்கில் கேட்பார், மருமகள் தமிழில் பதில் சொல்வாள், சமையல்காரரிடம் கன்னடத்தில் சத்தம் போடுவார்கள். நலுங்கின்போது பெண்கள் பாடுவது எந்த மொழி என்பது பாடுகிற பாட்டியைப் பொறுத்தது. எந்த ஆய்வாளரும் ஒலிவாங்கியோடு வந்து பதிவுசெய்யாத பேச்சு இது. வீடியோக்காரர் பதிவுசெய்தார், பிறகு அவரே அழித்தார். ‘மிக்ஸிங்’ என்ற பெயரில் சினிமாப் பாட்டுகளை மேலே போட்டுத்தான் கேசட்டைக் கொடுத்தார். வீட்டுக்கு வந்தது இரண்டாம் நகல். அசல் கேசட் அடுத்த முகூர்த்தத்துக்குப் பயன்பட்டது. அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. டேப் விலை அப்படி; பி.பி.சி.யே தன் நாடகங்களை அழித்து டேப்பை மறுபடி பயன்படுத்தியதில் ‘டாக்டர் ஹூ’ தொடரின் தொண்ணூறுக்கு மேற்பட்ட பகுதிகள் இன்றுவரை கிடைக்கவில்லை. ஆனால் விளைவு என்னவென்றால், நம் கல்யாண வீடியோக்களில் பேசுவது உறவினர்கள் அல்ல, பின்னணிப் பாடகர்கள். யூடியூபில் ஏற்றிப் பாருங்கள், பாட்டுக்கு உரிமைக்காரர் உடனே வந்து நிற்பார்.

அதனால்தான் மிக்ஸிங் செய்யாத கேசட்டுகளுக்கு மதிப்பு அதிகம் என்கிறேன். மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த கேமராவில் ஆட்டி ஆட்டி எடுத்தது, ஊரின் பேட்டராய சுவாமி கோயில் தேரைக் கூட்டத்துக்குள்ளிருந்து பாதி மறைத்து எடுத்தது, லென்ஸ் மூடியை மாட்டிவிட்டு நிறுத்த மறந்ததில் இருட்டுப் படமும் பத்து நிமிடப் பேச்சுமாக இருப்பது. கடைக்காரர் முதலில் வெட்டுவது இவற்றைத்தான். ‘தேவையில்லாத இடத்தை எடுத்துவிட்டேன்’ என்று உபகாரமாகச் சொல்வார். அந்த இருட்டுப் பத்து நிமிடத்தில்தான் வீட்டார் கேமராவுக்காகப் பேசாமல் தங்களுக்காகப் பேசியிருப்பார்கள்.

இந்தச் சுற்றுக்கே உரிய புதுத் தொல்லை ஒன்று சேர்ந்திருக்கிறது. ஏ.ஐ. கொண்டு 4கே தெளிவுக்கு உயர்த்தித் தருகிறோம் என்கிறார்கள். வி.எச்.எஸ். படத்தில் கூட்டத்துக்குள் நிற்கும் ஒரு முகத்துக்குக் கிடைப்பது சில பத்துப் புள்ளிகள்தான். மென்பொருள் தான் பயின்ற ஆயிரமாயிரம் முகங்களிலிருந்து கண்ணையும் பல்லையும் தோல் வரியையும் ஊகித்து நிரப்புகிறது. பார்க்கப் பளபளப்பாக இருக்கும். பாட்டியை நேரில் பார்த்தவர்களுக்கு உறுத்தும். பார்க்காத பேரப் பிள்ளைகளுக்கு அதுவே பாட்டியின் முகமாகிவிடும். அசல் கோப்பு தனியே இருந்தால் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளலாம். அசலை அழித்துவிட்டு இதை மட்டும் கொடுப்பதை நான் மோசடி என்றே சொல்வேன், கொடுப்பவருக்கு அந்த எண்ணம் இல்லாவிட்டாலும்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியது அதிகமில்லை. வெட்டாமல், இழுக்காமல், இரண்டு பாதியையும் விடாமல் ஒரு பெரிய கோப்பு. செல்போனில் பார்க்க வேறொரு சின்னக் கோப்பு. கூலி கூடுதலாகக் கேட்டால் கொடுத்துவிடலாம், கல்யாணத்துக்குச் செய்த செலவில் அது ஒரு தாம்பூலப் பைக்குக்கூட வராது. வந்த கோப்பைப் பென்டிரைவில் மட்டும் விடாமல் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், இரண்டு வீட்டில் வைக்க வேண்டும். மூத்தவர்கள் இருக்கும்போதே உட்கார்ந்து பார்த்து, யார் யார் என்று எழுதிவைக்கவும் வேண்டும். இந்தக் கடைசி வேலையைக் கடை செய்து தராது.

கேசட்டை என்ன செய்வது? தூக்கிப் போடக் கூடாது என்பதற்கு ஏக்கத்தைத் தவிர வேறொரு காரணமும் உண்டு. டெக்கின் ஹெட் படிக்கும் மூல சமிக்ஞையை, டெக்குக்குள்ளிருக்கும் பழைய சுற்றுகளுக்குப் போகவிடாமல் நேராகக் கம்ப்யூட்டரில் பிடித்து, மென்பொருளாலேயே படமாக்கும் முயற்சிகள் சில ஆண்டுகளாக நடக்கின்றன. ‘வி.எச்.எஸ். டிகோட்’ என்ற திறந்த மூலத் திட்டம் அதில் ஒன்று. நேரக் கோளாறையும் அதிலேயே திருத்திக்கொள்ளலாம். விலையுயர்ந்த கரெக்டர் வேண்டியதில்லை. இன்று சுமாராக ஏற்றிய அதே கேசட்டிலிருந்து பத்து ஆண்டு கழித்து நல்ல படம் எடுக்க வழி பிறக்கலாம். ஆனால் அதற்கும் சுழலும் ஹெட்டோடு ஒரு டெக் ஓடியாக வேண்டும். பெல்ட்டும் உருளையும் மாற்றிக்கொள்ளலாம். தேய்ந்த ஹெட்டுக்குப் பதில் பழைய டெக்கிலிருந்து கழற்றியதுதான். கேசட்டை வைத்துக்கொண்டு டெக்கை எடைக்குப் போடுகிறவர்கள் இதையும் யோசித்துக்கொள்ளட்டும்.