மழைக்கு ஒதுங்கத் திண்ணை உள்ளவன் பேச்சு

பொருளாதாரம் சரிந்தால் பிஎச்.டி.யில் ஒதுங்கிக்கொள் என்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பழகிப்போன அறிவுரை. 2008 சரிவின்போதும் இதைத்தான் சொன்னார்கள். அங்கே அரசியல் அறிவியல் படிக்க ஆசைப்படும் நம் பிள்ளைகளிடமும் சிலர் இதையே ஒப்பிக்கிறாங்க. எனக்கு இது மழைக்கு ஒதுங்கத் திண்ணை உள்ளவன் பேச்சாகவே படுகிறது.

அங்கே ஆய்வு இடம் என்றால் பெரும்பாலும் கட்டண விலக்கும் உதவித்தொகையும் சேர்ந்ததுதான். பணம் வற்றினால் இடமும் வற்றும். 2020-ல் பல சமூக அறிவியல் துறைகள் அடுத்த ஆண்டுச் சேர்க்கையையே நிறுத்தின. பத்து இடத்துக்குப் போட்டுப் பார் என்கிறவன் விண்ணப்பக் கட்டணத்துக்கு டாலர் தருவானா?

உதவித்தொகை நின்றால் என்ன ஆகும்? பரோடா மன்னரின் பணம் 1917-ல் முடிந்ததும் அம்பேத்கரே லண்டன் படிப்பைப் பாதியில் விட்டு வந்தார். திரும்பப் போக 1920 ஆயிற்று.

தலித் மாணவருக்கு அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை இருக்கிறதே என்பார்கள். இருக்கு. ஆனால் 2022-ல் விதியைத் திருத்தி, இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுக்குக் கிடையாது என்றார்கள். ஜெர்மனியின் தேர்தலை ஆராயலாம், நம்ம சேரியை ஆராயக் கூடாது! 2025-ல் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்குத்தான் கடிதம் போயிற்று. மற்றவர்களுக்கு, நிதி வந்தால் பார்க்கலாம் என்று பதில்.