பழம் ஊறிய நீர்: புகழும் பொருளும்

சென்ற கோடையில் எங்கள் கல்லூரி விடுதி மாணவர் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு கண்டது. அறைத் தோழர்கள் அக்கறையுள்ளவர்கள். எலுமிச்சை, வெள்ளரி, புதினா ஆகியவற்றை நறுக்கிப் போட்டு ஊறவைத்த நீரை நாள் முழுவதும் குடிக்கக் கொடுத்தார்கள். மாலையில் அந்த மாணவரால் எழுந்து நிற்க முடியவில்லை. மருத்துவமனையில் சலைன் ஏற்றிய பிறகே தேறினார். "உடம்பிலுள்ள நச்சையெல்லாம் இது வெளியேற்றிவிடும் என்று கைப்பேசியில் பார்த்தோம் சார்" என்றனர் தோழர்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் நம்பிய செய்தியைத்தான் ஆராய வேண்டும்.

குடிநீரில் பழத்துண்டுகளையும் வாசனை இலைகளையும் சில மணி நேரம் ஊறவைத்து வடித்துக் குடிப்பதில் புதுமை ஏதுமில்லை. பானையில் வெட்டிவேர் போட்டு வைப்பது நம் வீடுகளில் பழகிய வழக்கமே. 'டீடாக்ஸ் வாட்டர்' என்ற பெயரும் அதனோடு வந்த வாக்குறுதிகளுமே புதியவை.

முதல் வாக்குறுதி சுவை. இது உண்மை. பழத்தை நறுக்கியவுடன் வெட்டுப்பட்ட செல்களின் சாறு நீரில் கலந்துவிடுகிறது. உள்ளே இருப்பது விரவல் முறையில் மெல்ல வெளிவருகிறது. 1855இல் அடால்ஃப் ஃபிக் என்ற ஜெர்மானிய அறிஞர் விரவலுக்கு விதிகளை வகுத்தார். அவற்றின்படி, விரவும் தூரம் இருமடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். சர்க்கரை மூலக்கூறு அசையாத நீரில் 2.5 மில்லிமீட்டர் தூரம் விரவ ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரம் பிடிக்கும். 5 மில்லிமீட்டருக்கு ஏழு மணி நேரம். பழத்தின் செல்சுவர்களையும் சவ்வுகளையும் கடக்க இன்னும் தாமதமாகும். எனவே துண்டுகள் மெல்லியவையாக இருப்பது நல்லது.

குளிர்பெட்டியில் வைத்தால் இன்னும் சற்றுப் பொறுக்க வேண்டும். 5 டிகிரி செல்சியசில் நீரின் பாகுநிலை 30 டிகிரியில் இருப்பதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. விரவல் வேகம் பாதியாகிவிடும். அதற்காக வெயில் நாளில் வெளியே வைத்துவிடக் கூடாது. வெட்டிய பழத்தில் நுண்ணுயிர்கள் விரைந்து பெருகும். செம்பு, பித்தளைப் பாத்திரங்களும் வேண்டாம்; பழத்தின் அமிலம் உலோகத்தைக் கரைக்கும். கண்ணாடிப் பாத்திரமே ஏற்றது.

அடுத்த வாக்குறுதி சத்து. எலுமிச்சைத் தோலின் நறுமண எண்ணெய் மிகச் சிறிதளவு கரைந்தாலும் மூக்கு அதைக் கண்டுகொள்கிறது. மணம் நிறைய வந்ததால் சத்தும் நிறைய வந்துவிட்டது என்று நாம் எண்ணிவிடுகிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிராம் எலுமிச்சையில் வைட்டமின் சி சுமார் 50 மில்லிகிராம். பத்துப் பத்துக் கிராம் எடையுள்ள இரண்டு துண்டுகளில் 10 மில்லிகிராம். அது முழுவதும் நீரில் இறங்கினாலும் ஒரு லிட்டருக்கு அவ்வளவே. 100 கிராம் கொய்யாவிலோ 200 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. நீரை வடித்துவிட்டுப் பழத்தை எறிபவர் நார்ச்சத்தையும் சேர்த்தே எறிகிறார். பழத்தை உண்பதே மேல்.

மூன்றாவது, 'நச்சு நீக்கம்'. எந்த நச்சு, எவ்வளவு, எந்த வழியாக வெளியேறியது என்று யாரும் சொல்வதில்லை. அளவிட முடியாத ஒன்றைச் சொல்லிவிட்டு அதை அறிவியல் என்பது முறையன்று. நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, வேண்டியதைத் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகின்றன. கல்லீரலும் ஓயாமல் உழைக்கிறது. அவற்றுக்கு வேண்டியது போதிய நீர். அதில் வெள்ளரித் துண்டு மிதக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

கடைசி வாக்குறுதி உடலின் நீர்வறட்சியைப் போக்குவது. வெறும் நீர் பிடிக்காதவர் இதன் சுவைக்காகக் கூடுதலாகக் குடித்தால் அது நன்மையே. சர்க்கரை நிறைந்த குளிர்பானத்தை விட இது எவ்வளவோ நல்லது. ஆனால் வயிற்றுப்போக்கின் கதை வேறு. அப்போது நீரோடு உப்பும் வெளியேறுகிறது. குடலில் குளுக்கோசும் சோடியமும் ஒன்றுக்கொன்று துணையாக உட்கவரப்படுகின்றன. நீர் அவற்றைப் பின்தொடர்கிறது. 1971இல் மேற்கு வங்க எல்லையில் காலராவால் வாடிய அகதிகளுக்கு டாக்டர் திலீப் மகலனாபிஸ் இத்தகைய கரைசலைக் கொடுத்து இறப்பை வெகுவாகக் குறைத்தார். உலக சுகாதார நிறுவனத்தின் 2002ஆம் ஆண்டு வாய்ப்பாட்டின்படி ஒரு லிட்டர் கரைசலில் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம் உள்ளன. பழம் ஊறிய நீரில் சோடியம் இல்லையென்றே சொல்லலாம். எங்கள் மாணவர் நாள் முழுவதும் குடித்தும் தளர்ந்ததற்குக் காரணம் இதுவே. பொட்டலம் கிடைக்காத அவசரத்தில், ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுத்துக்கொண்டே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இன்னொரு சிறு எச்சரிக்கை: எலுமிச்சை நீரை நாள் முழுவதும் பருகிக்கொண்டே இருந்தால் அமிலம் பல்லின் எனாமலை அரிக்கும். உணவோடு குடித்துவிட்டு வாயைக் கொப்பளிப்பது நலம்.

எனவே, பழம் ஊறிய நீரைத் தாராளமாகச் செய்து குடியுங்கள், விருந்தினருக்கும் கொடுங்கள். அது மணமுள்ள நல்ல நீர். அதற்கு மருந்தின் பெயரைச் சூட்டுவதுதான் தவறு. அந்தப் பெயரை நம்பி நோயாளிக்கு முன்னால் அந்தக் குவளையை நீட்டும் கைகள், பெரும்பாலும் அன்புள்ளவர்களின் கைகளாகவே இருக்கின்றன.